பதினோரு நாளுக்குப் பாதிக் குறட்டை

மேலமடையூர் நூற்பாலைக்குப் பின்னால், முப்பது வீடும் ஒரு தையல்கடையும் ஒரு டிரான்ஸ்பார்மரும் கடைசியில் ஒரு நகராட்சிக் குழாயும் உள்ள ஏழாம் தெருவில், ராத்திரி ஷிப்டு முடித்துவந்து பகலில் தூங்கியே பழகிய ஃபிட்டர் பூதலிங்கம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு, கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி, இரண்டாவது நிமிஷமே தூங்கிப்போய், தூக்கத்திலேயே செத்தும் போனார். அவருடைய குறட்டை மட்டும் சாகவில்லை.

அவர் மனைவி ஆவுடையம்மாள் நாலரை மணிக்குக் காப்பியோடு போய், இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிற அதே வார்த்தையை, "சரிஞ்சு படுங்க, காது கிழியுது" என்ற வார்த்தையைச் சொல்லி, தோளைப் பிடித்துத் தள்ளினாள். தோள் சில்லென்று இருந்தது. குறட்டையோ வழக்கம்போல மூன்று நீளம், ஒரு குட்டை, கடைசியில் ஒரு சின்ன விசில், விசிலுக்குப் பிறகு ஒரு சப்புக்கொட்டல் என்று முறை தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவள் காப்பியை ஜன்னலில் வைத்துவிட்டு இன்னொரு தரம் தள்ளினாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் சட்டத்தில் வைத்தார், குறட்டை கேட்டது. காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, "ஆளு தவறியாச்சும்மா. இதப் பத்தி எழுத இந்தப் பாரத்துல இடமில்ல" என்று சொல்லி, இடம் உள்ளதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனார்.

தெருவுக்குள் பேச்சு எழுந்தது. குறட்டை விடுகிற ஆளை எப்படித் தூக்குவது என்று நாலு பேர் தயங்க, மளிகைக்கடை ஆண்டபெருமாள், நல்லது கெட்டதுக்கு அந்தத் தெருவில் முடிவு சொல்கிறவர், வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆளு வேற, சத்தம் வேற வே. ஆளத் தூக்குவோம். சத்தத்துக்கு வர்றதா இருந்தா அதுவா வரட்டும்" என்று தீர்த்துவைத்தார். பூதலிங்கத்தைப் பாடையில் வைத்தார்கள். குறட்டை கட்டிலை விட்டு நகரவில்லை. மேளக்காரர்கள் எந்த அடியில் தொடங்கினாலும் மூன்று நீளம் ஒரு குட்டையிலேயே வந்து விழுந்தார்கள், கடைசியில் அதையே வாசித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள், நகராட்சிக் குழாயைத் தாண்டிய பிறகுதான் அவர்களுக்குச் சொந்த அடி திரும்பியது. சுடுகாட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் பூதலிங்கம் செத்துப்போனது எல்லோருக்கும் உறைத்தது.

அதற்கப்புறம் ஏழாம் தெரு குறட்டையோடு குடித்தனம் நடத்தப் பழகியது. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அது உண்டு. சாயங்காலம் ஷிப்டு சங்கு ஊதியதும் நின்று, மறுநாள் விடிந்ததும் தொடங்கும், உயிரோடு இருந்தபோது அவர் வைத்திருந்த அதே நேரம்தான். வயிற்றுவலிக்காரக் குழந்தைகளைத் தாய்மார் வாசலில் தொட்டில் கட்டித் தூங்கவைத்தார்கள். தையல்கடை மாசிலாமணியின் கால், மிதியில் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டதால் அந்த மாதம் தைத்த ரவிக்கைகள் எல்லாவற்றிலும் மூன்று நீளத் தையலுக்கு ஒரு குட்டைத் தையல் விழுந்திருந்தது. நாலாவது தெருப் பெண்கள் அதைப் புது மாடல் என்று எண்ணித் தங்களுக்கும் கேட்டார்கள். யாரோ மனுப்போட்டு, சத்தத்தைப் பற்றி விசாரிக்க ஒரு அலுவலர் வந்தார். "சத்தம் எழுப்புபவர் பெயர்" என்ற இடத்தில் பூதலிங்கம் என்று எழுதி, "தற்போதைய முகவரி" என்ற இடத்துக்கு வந்து, பேனாவை மூடி, ஆவுடையம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தொட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போனார்.

ஆவுடையம்மாளுக்கு மட்டும் அது ஆகவில்லை. கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு மத்தியானமாவது கண் அசந்திருப்பாளா என்றால் இல்லை. மனுஷன் போன துக்கம் ஒருபக்கமும் போன பிறகும் தூங்கவிடாத கோபம் இன்னொருபக்கமும் இழுக்க, கட்டிலைப் பார்த்து, "போறவரு இதையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்லா? என்னத்துக்கு இத எனக்கு விட்டுட்டுப் போனீரு?" என்று திட்டினாள். குறட்டை சப்புக்கொட்டியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரே மகன் சிவசைலம், ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், "எம்மா, எங்கூட வந்துரு. நாலாவது மாடி, கண்ணாடி ஜன்னல். சாத்துனா ஈ பறக்குற சத்தம்கூட உள்ள வராது" என்றான். கேட்கும்போதே அவளுக்குக் கண் சொக்கியது. ஆனால் குறட்டை விடுகிற வீட்டை எப்படிப் பூட்டிவிட்டுப் போவது? உள்ளே ஆள் இருக்கிறதென்று பால்காரன் தினமும் பால் வைத்துவிட்டுப் போவானே. "இது நிக்கட்டும்ல. நின்ன அன்னைக்கே வாரேன்" என்றாள். ஜன்னல் ஓரமாகத் தனக்குப் பாய் போட இடம் இருக்குமா என்றும் கேட்டுக்கொண்டாள்.

அது நிற்குமா என்று யாருக்கும் தெரியாதிருந்தபோது, குறைகிறது என்பதை முதலில் கண்டுகொண்டவள் மாடியில் குடியிருந்த ஜெசிந்தா. திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை அவளுக்கு. ஸ்கேனுக்கு முன்னால் உடம்பில் ஏற்றுகிற கதிர்வீச்சு மருந்தை அளந்து கொடுப்பவள். செத்த அன்று நகராட்சிக் குழாய்வரை, வாசலிலிருந்து இருநூற்று நாற்பது அடி தூரம், கேட்ட குறட்டை, பதினோராம் நாள் பாதி வழியில் டிரான்ஸ்பார்மரோடு நின்றுவிட்டது. இருபத்திரண்டாம் நாள் அதிலும் பாதியில், மாசிலாமணி கடை வாசலோடு நின்றுவிட்டது. குடத்தோடு நடந்தபோது இதைக் கவனித்த ஜெசிந்தா, குடத்தை ஆவுடையம்மாள் வாசலில் இறக்கிவைத்து, அவளிடம், "யக்கா, எங்க மருந்து மாதிரியேதான்" என்றாள். "அது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாவும். பாதி, பாதில பாதி, அதுல பாதின்னு போவும். அண்ணாச்சி குறட்டைக்குப் பதினோரு நாளு. அம்புட்டுதான் வித்தியாசம்."

போனில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கு அதுவே போட்டுக் கொடுக்கிற பக்கம். அதில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் தொடக்கத்தில் எவ்வளவு, இருநூற்று நாற்பது. இரண்டாவதில் எத்தனை நாளுக்கு ஒருதரம் பாதி, பதினொன்று. மூன்றாவதில் எத்தனையாவது நாள். நாலாவதில் ஏற்கெனவே இரண்டு என்று இருந்தது. அது புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண் காட்டவேண்டும் என்பதற்கு என்று சொல்லி ஜெசிந்தா அதைத் தொடாமல் விட்டாள். பொத்தானை அமுக்கினால் அந்த நாளில் மிச்சம் எத்தனை அடி என்று கீழே வரும். அம்மாவின் போனில் கேட்டுக்கொண்டிருந்த சிவசைலம் ஓசூரில் தானும் அதே பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் போட்டுப் பார்த்தான். நூற்றெழுபத்தோராம் நாள் 0.01 என்று வந்தது. நூற்றெழுபத்திரண்டாம் நாள் 0.00 என்று வந்தது.

"சரிம்மா, பூஜ்யம் காட்டுற அன்னைக்கு நான் வண்டியோட வாரேன். பேச்சு மாறக்கூடாது" என்றான்.

"நான் எதுக்கு மாறப்போறேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

தெருவுக்கு இது போதாதா? பதினோரு நாளுக்கு ஒருதரம் தூரம் அளப்பது என்று முடிவாயிற்று. யாருடைய அடியால் அளப்பது என்பதில் முதலில் தகராறு; டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நெட்டையன் அளந்தால் தொண்ணூறு அடியில் முடிகிறது, குட்டையன் அளந்தால் நூற்றைம்பதாகிறது. டேப்பும் கையுமாகப் பிழைக்கிற மனுஷன் பொய் அளக்கமாட்டான் என்று மாசிலாமணியின் அடியே நிலைத்தது. அளந்து முடிந்த கையோடு வாயில் போட எதுவும் இல்லாமல் எப்படிக் கலைவது என்று சர்க்கரைப்பொங்கல் வந்தது. முப்பத்துமூன்றாம் நாள் முதல் அளவெடுப்புக்கு இரண்டு படி அரிசி போட்டார்கள். நாற்பத்துநாலாம் நாள் மறுபடி இரண்டு படி அளக்கப்போன பெண்களைத் தடுத்து, "அது பாதியாயிருக்கு, பொங்கல் மட்டும் முழுசா இருந்தா நல்லாவா இருக்கும்? செத்தவரக் கேலி பண்ணுத மாதிரில்லா இருக்கும்" என்றார் ஆண்டபெருமாள். அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. ஒரு படி பொங்கினார்கள். அடுத்த தரம் அரைப்படி, அடுத்தது உழக்கு, அதற்கடுத்தது ஆழாக்கு. தெரு முழுக்கக் கூடி நின்று ஆளுக்கு ஒரு விரல் நக்கிவிட்டு, திருப்தியாகத்தான் வீட்டுக்குப் போனது.

எழுபத்தேழாம் நாளில் குறட்டை இரண்டு அடிக்குள் அடங்கியது. வாசலுக்கு வரவில்லை, அடுப்படிக்கு வரவில்லை. தொட்டில்கள் அவிழ்ந்தன. மாசிலாமணியின் தையல் அதற்கு முன்பே நேராகிவிட்டது. நாலாவது தெருப் பெண்கள் வந்து சண்டை போட்டார்கள். ஆவுடையம்மாள் காதிலிருந்து பஞ்சை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, அடுப்படியிலேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். இருபத்தொன்பது வருஷத்துக்கும் எழுபத்தேழு நாளுக்கும் சேர்த்து ஒரு தூக்கம் பாக்கி இருந்தது. கண்ணை மூடினாள். திறந்தாள். புரண்டு படுத்தாள். ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்தது போலவே இருந்தது. கடைசியில் எழுந்து, முந்தானையை எடுத்துக்கொண்டுபோய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டுப் படுத்தாள். மூன்று நீளம், ஒரு குட்டை, விசில். அடுத்த சப்புக்கொட்டலைக் கேட்பதற்குள் தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் கட்டிலுக்கு நெருங்கி நெருங்கி வாழ ஆரம்பித்தாள். கீரை ஆய்வது கட்டில் பக்கம், அரிசி புடைப்பது கட்டில் பக்கம். தொண்ணூற்றொன்பதாம் நாள் குனிந்தால்தான் கேட்டது. நூற்றுப்பத்தாம் நாள் கட்டில் சட்டத்தில் காதை வைத்தால்தான் கேட்டது. நூற்றிருபத்தோராம் நாள் விசில் போய்விட்டது. அது இருக்கும், தன் காதுக்குத்தான் எட்டவில்லை என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த விசிலைக் கேட்டுத்தான் அவள் காப்பிக்குப் பால் வைத்திருந்தாள், கேட்டுத்தான் பக்கத்துவீட்டில் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்திருந்தாள், அது தெரியாமலே அதைத் திட்டியிருந்தாள். அவருடைய சட்டைகளைக் கொடுத்தபோதுகூட வராத அழுகை, ஒரு விசிலுக்கு வந்தது.

மாடி ஏறிப் போனாள். ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, அந்தப் பதினொண்ணு போட்டிருக்கோம்லா, அத இருவத்திரெண்டுன்னு மாத்திரு."

"மாத்துனா என்னக்கா?"

"மெதுவாப் போவும்லா."

ஜெசிந்தா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "யக்கா, நான் மாத்துனா போன் கேக்கும். குறட்டை கேக்காது. எங்க சென்டர்ல எம்புட்டுப் பெரிய டாக்டர் வந்தாலும் மருந்து அதுபாட்டுக்குப் பாதியாயிட்டேதான் இருக்கும். அது நம்ம கையில இல்ல."

ஆவுடையம்மாள் படியில் உட்கார்ந்தாள். பிறகு, "எப்ப அது இல்லாமலே போவும்?" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியை, எப்போது ஒழியும் என்ற அர்த்தத்தில், இதே படியில் நின்று கேட்டவள் அவள்.

"போவாதுக்கா. பாதிக்குப் பாதின்னு எடுத்துட்டே போனா, மிச்சம் ஒண்ணு இருந்துட்டேதான் இருக்கும். எழுதிப் பாத்தா முடியவே முடியாது. இந்தப் பக்கம் ரெண்டு எண்ணோட நிறுத்திக்கிடுது, அதனால பூஜ்யம்னு காட்டுது."

ஆவுடையம்மாள் போனை வாங்கி, தொடாமலே விட்டுவைத்திருந்த அந்த நாலாவது கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். இது எதுவரைக்கும் ஏறும் என்று கேட்டாள். ஜெசிந்தா சொன்னாள். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள்.

நூற்றறுபத்தைந்தாம் நாள் கடைசி அளவெடுப்பு என்று தெரு கூடியது. அளப்பதற்கு ஒன்றுமில்லாததால் மாசிலாமணி கட்டில் பக்கத்தில் காலைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தார். ஆண்டபெருமாள் அரிசியை எண்ணிப் போட்டார்: முப்பத்துமூன்று அரிசி. ஒரு கரண்டியில் வெல்லத்தண்ணீர் விட்டு, விளக்குத்தீயில் காட்டிப் பொங்கி, வீட்டுக்கு ஒரு பருக்கை கொடுத்தார்கள், மிஞ்சிய மூன்றை அணிலுக்கு வைத்தார்கள். அடுத்த வாரம் ஆவுடை ஓசூர் போகிறாள் என்பதால் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆவுடையம்மாள் மட்டும் அழவில்லை, இது அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

நூற்றெழுபத்திரண்டாம் நாள் காலையில் சொன்னபடி சிவசைலம் வண்டியோடு வந்தான். ராத்திரி முழுக்க ஓட்டிவந்த கண் சிவந்திருந்தது. தெரு வாசலில் நின்றது. அவன் கட்டிலில் காதை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் கேக்கலம்மா" என்றான்.

"காதுக்குக் கேக்கது கேக்காதது பேச்சில்ல. பூஜ்யம் காட்டணும்னுதான நீ சொன்ன" என்று ஆவுடையம்மாள் தன் போனை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால், இருநூற்று நாற்பது போட்டாள், பதினொன்று போட்டாள், நூற்றெழுபத்திரண்டு போட்டாள். நாலாவது கட்டத்துக்கு வந்து, இரண்டை அழித்துவிட்டு, ஆறு போட்டாள். பொத்தானை அமுக்கி மகனிடம் நீட்டினாள்.

0.004712 என்று இருந்தது.

"எம்மா, இது அழுவுணி" என்றான் சிவசைலம்.

"எது அழுவுணி? பக்கமும் அதே பக்கம், கணக்கும் அதே கணக்கு. நீ கண்ணச் சுருக்கிப் பாத்த, நான் நல்லா முழிச்சுப் பாக்கேன். இன்னும் மிச்சம் இருக்குல. மிச்சம் இருக்கையில எப்படி வீட்டப் பூட்டிட்டு வர?"

மாசிலாமணி எட்டிப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் இருக்கிறதும் எண்தானே தம்பி என்று சாட்சி சொன்னார். சிவசைலம் இன்ஜினியர், கணக்கை மறுக்கமாட்டான். அவனும் தன் போனில் ஆறு போட்டு, நாட்களைக் கூட்டிக்கொண்டே போய், முந்நூற்றுப் பதினெட்டாம் நாள் பூஜ்யம் காட்டுவதைப் பிடித்து, "அப்ப இன்னும் நூத்தி நாப்பத்தாறு நாளு. அதுக்கு மேல சாக்கு சொல்லக்கூடாது" என்றான்.

"அன்னைக்கு அந்தக் கட்டத்துல பத்துன்னு போடுவேன்" என்றாள் ஆவுடையம்மாள். "ஓசூர்ல உக்காந்து கணக்கு பாத்தாப் போதாது. மாசத்துக்கு ஒருக்கா வந்து நீயே காத வச்சுப் பாத்துட்டுப் போ."

அவன் சிரித்துவிட்டான். சாப்பிட உட்கார்ந்தான். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். சாப்பிட்டு எழுந்தவன், தலையணையைத் தேடாமல், எதையும் யோசிக்காமல், அப்பாவின் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டினான். ஆவுடையம்மாள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது தொடங்கிவிட்டது.

மூன்று நீளம். ஒரு குட்டை. விசில். சப்புக்கொட்டல்.

மாசிலாமணியின் மெஷின் நின்றது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் தெரு வாசலில் கூடிவிட்டது. ஆண்டபெருமாள் இரண்டு படி அரிசியோடு வந்திருந்தார். மாசிலாமணி நடந்து அளந்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "குழாய் வரைக்கும் கேக்கு மதினி. சரியா இருநூத்தி நாப்பது" என்றார். ஜெசிந்தா மாடிப்படியில் நின்று போனைத் திறந்து முதல் கட்டத்தில் எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டாவது கட்டத்துக்கு விரலை நகர்த்தினாள்.

"இதுக்கு ஒண்ணும் போடாத பிள்ள" என்றாள் ஆவுடையம்மாள். "இது உசுரோட இருக்க பையன்."

ஜெசிந்தா போனை மூடி வைத்தாள். ஆண்டபெருமாள், அதானே என்று அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்து, யார் வீட்டிலோ தொட்டில் கயிறு தேடுகிற பேச்சுக் கேட்டது. ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கட்டிலோரம் நின்றாள். பழக்க தோஷத்தில் அவள் கை தோளைத் தள்ளப் போய், தோளில் பட்டு, அது சூடாக இருப்பதை உணர்ந்து, அங்கேயே நின்றது.

"சரிஞ்சு படுல, காது கிழியுது" என்றாள், அவன் காதில் விழுந்துவிடாதபடி, அத்தனை மெதுவாக.